கொரியாவில் ஹக்வோன் (தனியார் டியூஷன் மையம்) வேலை: ஓராண்டு ஒப்பந்தத்தின் பதினொன்றாம் மாதம் நடப்பது

பூசானிலிருந்து:
கூட வேலை பார்த்த டீச்சர் விஷயம் இன்னும் மனசை அரிக்கிறது. பதினொன்றாம் மாதக் கடைசியில் வொன்ஜாங் (மைய இயக்குநர்) அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் அச்சடித்து, மூடி கழற்றிய பேனா அதன் மேல். “பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க டீச்சர், புரிஞ்சுக்கோங்க.” ஓராண்டு முடிந்தால் ‘தேஜிக்கும்’ என்ற பணிவிலகல் தொகை கொடுக்கணும், ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம். அதற்குத்தான் இத்தனை அவசரம். 3 மாதம் தாண்டியவரை நீக்கினால் 30 நாள் முன்னறிவிப்போ அந்தச் சம்பளமோ தரணும். கையெழுத்துப் போட்டால் தானாக விலகிய கணக்கு. போடாதீங்க.

சுவோனிலிருந்து:
பூசான் நண்பரே, பதினொன்றாம் மாதம் வரை ஏன் காத்திருக்கணும்? முதல் சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும். பிடித்தம் 3.3 சதவீதம் மட்டும் என்றால் (வருமான வரி 3, உள்ளூர் வரி 0.3) உங்களைச் சுயதொழில் செய்பவராகக் காட்டியிருக்கிறார்கள். தேசிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்ற பிடித்தங்களே சீட்டில் இருக்காது. “கைக்குக் கூடுதலா வரும்” என்றுதான் ஆசை காட்டுவார்கள். பிறகு ‘தேஜிக்கும்’ தொகையைக் கேட்டால் “நீங்க ஊழியரே இல்லையே” என்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நேரம், பாடப்புத்தகம், வகுப்பறை எல்லாம் அவர்கள் முடிவு என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் ஊழியர்தான் என்று வாதாடலாம். கால அட்டவணை, ககாவ்டாக் செயலியில் வந்த உத்தரவுகள், வங்கி வரவு எல்லாவற்றையும் மாதாமாதம் எடுத்து வையுங்கள். விலகி 14 நாளில் பணம் வரலையென்றால் தொழிலாளர் அமைச்சக உதவி எண் 1350-க்குப் பேசுங்கள்.

பூசானிலிருந்து:
சீட்டு சரியாக இருந்த இடத்தில்தான் இது நடந்தது. மிரட்டல் வேறு: இ-2 (வெளிநாட்டு மொழி ஆசிரியர்) விசா அந்த நிறுவனத்தோடு கட்டியது. ஒப்பந்தம் முடியுமுன் வேறு இடம் போக அவர்களுடைய விடுவிப்புக் கடிதம் வேண்டும். “கையெழுத்துப் போடு, கடிதம் தருகிறேன்” என்பதுதான் பேரம்.

தேகுவிலிருந்து:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக. ஹக்வோனுக்கு இ-2 கிடைப்பது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா குடிமக்களுக்கு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2010-ல் நடைமுறைக்கு வந்த செப்பா (இந்தியா-கொரியா வர்த்தக) ஒப்பந்த வழி மட்டும்: ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் அரசுப் பள்ளியில் துணை ஆசிரியர். ஹக்வோன் வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பாதீங்க. பட்டச் சான்றுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் என்ற சான்று). அதை அசல் சான்றிதழின் பின்புறம் ஒட்டுவார்கள், லேமினேட் செய்து வைத்திருந்தால் அங்கேயே சிக்கல். காவல்துறைச் சான்றைக் கடைசியில் எடுங்கள். 6 மாதம் தாண்டினால் திரும்ப அலையணும்.

பூசான் நண்பரே, அந்த நிலையில் இருப்பவர் பேனாவைத் தொடும் முன் குடிவரவு உதவி எண் 1345-க்குப் பேசட்டும். டி-10 வேலை தேடும் விசாவுக்கு மாற வழி இருந்தால் அந்தக் கடிதத்துக்காகப் பணிய வேண்டியதில்லை.