புதுப்பிப்பு: ஆய்வேட்டு சிமுலேஷனில் மொத்த ஆற்றல் ஏறிக்கொண்டே போன சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் இது: 864 அணுக்கள், லெனார்டு-ஜோன்ஸ் விசை (இரண்டு அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பு, விலக்கலுக்கான சூத்திரம்), வெலாசிட்டி வெர்லே முறை (அணுக்களைப் படிப்படியாக நகர்த்தும் கணக்கு). மாறாமல் இருக்கவேண்டிய மொத்த ஆற்றல் மெல்ல ஏறுகிறது என்று கேட்டிருந்தேன்.

டைம் ஸ்டெப்பை (ஒவ்வொரு படியின் கால அளவு) 0.005-லிருந்து 0.0025 ஆகக் குறைக்கச் சொன்னீர்கள். ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அது ஏமாற்று. உண்மையான காரணம், அண்டை அணுப் பட்டியலைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான். ஒவ்வோர் அணுவுக்கும் அருகில் இருப்பவை எவை என்று குறித்துவைக்கும் அந்தப் பட்டியலை 20 ஸ்டெப்புக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வேகமான அணுக்கள் பட்டியலுக்குத் தெரியாமலே வெட்டுத் தூரத்துக்குள் (இதற்கு அப்பால் விசையைக் கணக்கிடுவதில்லை) நுழைந்துவிட்டன. ஸ்டெப் பாதியானதும் அவை நகரும் தூரமும் பாதியானது, அவ்வளவுதான்.

இப்போது பட்டியலுக்காக வெட்டுத் தூரத்துக்கு வெளியே விடும் கூடுதல் விளிம்பில் (0.3) பாதிக்கு மேல் ஏதாவது ஓர் அணு நகர்ந்தாலே பட்டியல் புதிதாகிறது. 0.005-லேயே ஏற்றம் நின்றுவிட்டது.

அப்புறமும் ஆற்றலில் சின்னச் சின்னத் துள்ளல் தெரிந்தது. 2.5 சிக்மாவில் (சிக்மா என்பது அணுவின் அளவு) வெட்டும்போது நிலையாற்றல் பூஜ்யமில்லை, சுமார் -0.0163 எப்சிலான் (எப்சிலான் என்பது ஈர்ப்பின் வலிமை). அதைக் கழித்ததும் கோடு நேரானது.

எதிர்பாராதது: அந்தப் பட்டியல் பிழையால் பழைய அழுத்த வரைபடங்களும் தவறு. மூன்றாம் அத்தியாயத்துக்கான ஓட்டங்களை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.