அப்பாவின் கிட்னி கட்டி லிம்போமாவாம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி, ராத்திரியில் பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்வை. சி.டி. ஸ்கேனில் வலது கிட்னியில் 9 செ.மீ. கட்டி. அது கிட்னியின் சிரை வழியாக, இதயத்துக்குப் போகும் பெரிய சிரைக்குள்ளும் நுழைந்திருந்தது. கிட்னி புற்றுநோய்தான் பெரும்பாலும் இப்படி வளருமாம். கிட்னியை எடுக்க ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

ஒரு டாக்டர் மட்டும், ரத்தத்தில் எல்.டி.எச். என்கிற நொதி எகிறியிருப்பதைப் பார்த்து, "முதலில் பயாப்சி பார்த்துவிடுவோம்" என்று நிறுத்தினார் (கட்டியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிற சோதனை). அவருக்குக் கோடி புண்ணியம். வந்தது பெரிய பி செல் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோயில் ஒரு வகை. ஆபரேஷன் வேண்டாம், கீமோதான் என்கிறார்கள். ஆர்-சாப் என்கிற மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒரு முறை, 6 சுற்று.

லிம்போமா சிரைக்குள் போவது அபூர்வமாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? கீமோவில் சிரைக்குள் இருந்த பகுதி கரைந்ததா? ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்களா, எவ்வளவு காலம்? அப்புறம், பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வேலூர் சி.எம்.சி.யிலோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ காட்டி மறுபடி பார்த்தவர்கள் இருந்தால், நடைமுறையைச் சொல்லுங்கள். நோயாளியும் கூட வர வேண்டுமா?

முதல் கீமோ அடுத்த வியாழக்கிழமை. அதற்குள் தெரிந்தால் பெரிய உதவி. அப்பா விலாவில் கை வைத்தபடி, "அப்போ கிட்னியை எடுக்க வேண்டாம்தானே?" என்று நாளுக்கு நான்கு முறை கேட்கிறார்.