டவுட், சஸ்பெக்ட் ரெண்டும் ஒண்ணு இல்லையா?

மதுரைமல்லி82:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சப்போர்ட் டீம்ல இருக்கேன். போன வாரம் இங்கிலாந்து கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போட்டேன், "ஐ டவுட் தி பேமென்ட் ஃபெயில்டு"ன்னு. பேமென்ட் ஃபெயில் ஆயிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொல்லத்தான் அப்படி எழுதுனேன். அவங்க தேங்க்ஸ்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா பணம் போகவே இல்ல, கேட்டா ஃபெயில் ஆயிருக்காதுன்னு நீங்கதானே எழுதுனீங்கங்கிறாங்க. எங்க லீட் அங்க சஸ்பெக்ட்னு வந்திருக்கணும்ங்கிறார். ரெண்டுக்கும் சந்தேகம்னுதானே படிச்சோம்? யாராவது புரியுற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

இங்கிலீஷ்டீச்சர்_திருச்சி:
உங்க தப்பு இல்லங்க, நாம மனப்பாடம் பண்ணுன அர்த்தம்தான் பாதியோட நின்னுடுச்சு. டவுட்டை வினையா போட்டா மனசு "இருக்காது" பக்கம் சாயுது, சஸ்பெக்ட்னா "இருக்கும்" பக்கம் சாயுது, அதாவது கிட்டத்தட்ட எதிரெதிர். தமிழ்லயும் இந்த வித்தியாசம் இருக்கு, ஆனா அது சந்தேகம்ங்கிற சொல்லுல இல்ல, அதுக்கு முன்னாடி வர்றதுல இருக்கு. "அவன் வர்றதே சந்தேகம்"னா வரமாட்டான்னு நினைக்கிறோம், அது டவுட். "அவன்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகம்"னா எடுத்திருப்பான்னு நினைக்கிறோம், அது சஸ்பெக்ட். அந்த "ஓ"தான் வேலையைப் பாக்குது! உங்க மனசுல ஓடுனது "ஆயிருக்குமோ", அதனால சஸ்பெக்ட்தான். இனிமே டவுட்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல "டோன்ட் திங்க்" போட்டுப் படிச்சுப் பாருங்க, நீங்க நினைச்ச அர்த்தம் வந்தா டவுட் சரி.

கோர்ட்வாசல்:
நான் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், எங்களுக்கு இது தினமும் வர்றது. "சந்தேகத்தின் பேரில் கைது"ன்னு பேப்பர்ல போடுறாங்களே, அது சஸ்பெக்ட், இவன் செஞ்சிருப்பான்னு போலீஸ் நினைக்குது. அதே கேஸ் தீர்ப்புக்கு வரும்போது "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை"ன்னு வரும், அது டவுட், இவன்தான் செஞ்சான்னு கோர்ட்டுக்கு நிச்சயம் வரல. ஒரே ஆளு, ஒரே கேஸ், தமிழ்ல ஒரே சொல்லு, ஆனா முதல் சந்தேகம் ஆளை உள்ள வைக்குது, ரெண்டாவது வெளிய விடுது.

வடமராட்சி_பிள்ளை:
எங்கட பக்கம் பேப்பரில "சந்தேகநபர் கைது" எண்டுதான் போடுவினம், அது அப்பிடியே சஸ்பெக்ட்தான், ஆனா அந்த ஆங்கிலச் சொல்லை ஆளைக் குறிச்சுச் சொல்லேக்க முதல் அசையை அழுத்திச் சொல்லவேணும், வினையா வந்தா ரெண்டாவது அசையை. இன்னொண்டு, என்ர மச்சான் கிளாஸ்கோவில இருக்கிறார், அங்க வயசான ஆக்கள் "ஐ டவுட் இட்'ல் ரெயின்" எண்டா மழை வரும்போல கிடக்கு எண்டுதான் அர்த்தமாம். ஸ்காட்லாந்துப் பேச்சில டவுட்டுக்கு அந்தப் பழைய கருத்து இன்னும் கிடக்குது. அண்ணை, உங்கட கிளையன்ட் அந்தப் பக்கத்து ஆளா இருந்திருந்தா சரியா விளங்கியிருப்பார்!

மதுரைமல்லி82:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, அந்த "ஓ" விஷயம் பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு. இன்னொண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், மீட்டிங்ல "ஐ ஹேவ் அ டவுட்"னு ஆரம்பிக்கிறோமே, அதுவும் தப்பா?

இங்கிலீஷ்டீச்சர்_திருச்சி:
நம்ம ஊர்ல தப்பே இல்லங்க, "சார் ஒரு டவுட்"னு கை தூக்குற பசங்களை நான் திருத்துறதே கிடையாது, இங்க எல்லாருக்கும் அது கேள்விதான். ஆனா வெளிநாட்டுக்காரர் காதுல நீங்க சொல்றதை நான் நம்பலைங்கிற மாதிரி விழும். அவங்க கிட்ட பேசும்போது கொஸ்டின்னு சொல்லிடுங்க. அப்புறம் அந்த மெயிலுக்கு ஒரு பதில் போட்டு, நான் சொல்ல நினைச்சது இதுதான்னு நேராவே எழுதிடுங்க, தயங்காதீங்க.