காட்சிக்கு வைத்த ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா, வேண்டாமா?

லூப்லைன்:

போன சனிக்கிழமை ஒரு மாடல் ரயில் காட்சிக்குப் போய் வந்தேன். மனதில் ஒரு ஆதங்கம், கொட்டிவிடுகிறேன்.

அரங்கிலேயே அழகான லேஅவுட், அதாவது மேஜை மேல் கட்டிய குட்டி ரயில் உலகம், எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: மூலையில் இருந்த ஒரு சின்னக் கிளைப்பாதை ஸ்டேஷன். கைகாட்டி நிஜமாகவே ஏறி இறங்குகிறது. மழை பெய்து ஓய்ந்த மாதிரி பிளாட்பாரத்தில் ஈரப் பளபளப்பு. விளக்குக் கம்பத்தடியில் ஒருவர் குடையை உதறிக்கொண்டு நிற்கிறார், குடைக்கம்பி கூடத் தெரிகிறது. அதன் முன்னால் கடிகாரம் பார்த்து 12 நிமிடம் நின்றேன். அந்த 12 நிமிடத்தில் நடந்தது இவ்வளவுதான்: ஒரு குட்டி இஞ்சின் ஒரு சாண் முன்னால் வந்தது. நின்றது. ஓட்டுபவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இரண்டு வேகனுக்கு நடுவே ஒரு குச்சியை விட்டு இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றினார். இஞ்சின் பின்னால் போனது. மறுபடியும் தாள்.

பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், "அப்பா, இது எப்ப ஓடும்?" என்றான். அப்பாவுக்கும் தெரியவில்லை. போய்விட்டார்கள். இரண்டு மேஜை தள்ளி மூன்று நீள ரயில்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே மூன்று வரிசைக்குக் கூட்டம்.

டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் ரயில் ஓடுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எந்த நேரமும் ஒரு வண்டியாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இப்படி முன்னும் பின்னும் போய் வேகன்களைப் பிரித்துக் கோக்கிற ஷண்டிங் உங்கள் சொந்த சந்தோஷம் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பவர்கள் வரலாம்.

கூட்ஸ்கார்டு:

வந்துவிட்டேன். நீங்கள் பார்த்தது என் மேஜை இல்லை, என்னிடம் குடைக்காரர் கிடையாது. ஆனால் நானும் அதே ரகம்தான். தாளைப் பார்ப்பேன், தலையைச் சொறிவேன், குச்சி விடுவேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே? நான் வைத்திருப்பது ஆலன் ரைட் என்பவர் போட்டுக் கொடுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர் அமைப்பு. மூன்று சைடிங், அதாவது வேகன் நிறுத்தும் பக்கத் தடங்கள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்பக்கத் தடத்தில் இஞ்சினும் மூன்று வேகனும் நின்றால் இடம் தீர்ந்தது. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகனை எடுப்போம். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அவற்றைக் கோத்து ரயிலாக்கி நிறுத்த வேண்டும். 6,720 விதமான ரயில் வரலாம். அதனால்தான் தலையைச் சொறிகிறோம்.

நிஜ ரயில்வேயிலும் கூட்ஸ் வேகன் ஓடுகிற நேரத்தை விட நிற்கிற நேரம்தான் அதிகம். வண்டியை உருவாக்குவதும் பிரிப்பதும் அங்கே பெரிய வேலை. அதை விட்டுவிட்டு செக்குமாடு மாதிரி சுற்றி வருவதைத்தான் ரயில் என்கிறீர்களா?

இன்னொன்று. கூட்டம் சேர்ந்த அந்த மூன்று ரயில்களும் என்ன வேகத்தில் போயின என்று பார்த்தீர்களா? எச்ஓ என்ற மாடல் ஸ்கேல் 1:87, நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. அதில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 32 சென்டிமீட்டர்தான். நான் போன காட்சியில் ஒரு கூட்ஸ் வண்டி 1.2 மீட்டர் பலகையை ஒரே நொடியில் தாண்டியது. கணக்குப் போட்டால் மணிக்கு 375 கிலோமீட்டர். நிலக்கரி ஏற்றிக்கொண்டு!

இஞ்சின்பையன் அம்மா:

எனக்கு ஸ்கேல் கணக்கு தெரியாது. ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு மூன்று காட்சிகளுக்குப் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சுற்றுகிற ரயிலை என் பையன் நான்கு சுற்று பார்ப்பான். ஐந்தாவது சுற்றில் கையை இழுப்பான். ஒரே ஒரு மேஜையில் அரைமணி நேரம் நின்றான். அதுவும் கூட்ஸ்கார்டு சொல்கிற மாதிரி ஷண்டிங் மேஜைதான். அங்கே ஓட்டியவர் சீட்டுக்கட்டை இவன் பக்கம் நீட்டி, "ஒன்று எடு" என்றார். சிவப்பு வேகன் வந்தது. "இது மூணாவதா நிக்கணும். இப்ப முன்னாடி போகட்டுமா, பின்னாடி போகட்டுமா?" என்று கேட்டார். இவன் தப்பாகச் சொன்னான். அவர் திருத்தவில்லை, அப்படியே ஓட்டினார். சிவப்பு வேகன் தப்பான சைடிங்கில் போய் மாட்டிக்கொண்டது. அடுத்த பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து அதை வெளியே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்புகளை வரிசையாக வைத்து அதே விளையாட்டு.

ஆனால் அப்படிப்பட்ட மேஜை ஒன்றே ஒன்றுதான். மற்ற இடங்களில் ஓட்டுபவர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில் நான் லூப்லைன் பக்கம்.

அப்புறம், உயரம். லேஅவுட் தரையிலிருந்து 1.3 மீட்டரில் இருந்தால் பெரியவர்களுக்குக் கண்மட்டத்தில் ரயில் வரும், அழகுதான். என் பையனுக்குத் தெரிந்தது கறுப்புத் துணியும் பலகை விளிம்பும். அரங்கு முழுக்க அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தது என் இடுப்பு.

லூப்லைன்:

அம்மா சொன்னதைப் படித்தீர்களா கூட்ஸ்கார்டு? பேசியதால்தான் அந்த மேஜை பிழைத்தது. நான் நின்ற 12 நிமிடத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 6,720 விதம் என்பதை நான் இங்கே வந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செக்குமாடு என்றீர்கள். 1891-ல் லைப்ஸிக் வசந்தச் சந்தையில் மெர்க்லின் கம்பெனி எட்டு வடிவத் தண்டவாளத்தில் சாவி கொடுத்த ரயிலை ஓடவிட்டது. இந்தப் பொழுதுபோக்கே அப்படிச் சுற்றிக் காட்டித்தான் ஜனங்களிடம் வந்தது. ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வைத்து ரயில்களை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு மேல் பார்வையாளர் அழுத்துவதற்கென்றே பொத்தான்கள் வேறு. உலகமே அங்கே போய் நிற்கிறது.

வேகம் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஓட்டுங்கள் என்பது வேறு, ஓட்டாதீர்கள் என்பது வேறு.

பழைய பெட்டி:

நீங்கள் ரெண்டு பேரும் மேஜைக்கு மேலே பார்க்கிறீர்கள். நான் காட்சிக்குப் போவது மேஜைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகளுக்காக. பழைய சாமான் விற்கிற ஸ்டாலில் குந்தி உட்கார்ந்து, சக்கரம் போன வேகன், கைப்பிடிக் கம்பி ஒடிந்த இஞ்சின் என்று கிளறுவதில் இருக்கிற சுகம் எந்த லூப்பிலும் கிடையாது.

போன தடவை பெட்டியோடு ஒரு பழைய இஞ்சின் சிக்கியது. பெயின்ட் அப்படியே புதுசு. ஓட்டிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். வீட்டில் மூடியைக் கழற்ற முயன்றால் வரவில்லை. அடிச்சட்டம் உள்ளேயே உப்பிப்போய் மூடியைக் கவ்விக்கொண்டிருந்தது. கொஞ்சம் அழுத்தினேன், ஒரு மூலை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்துவிட்டால் இப்படித்தான், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு வீங்கும். மருந்தே கிடையாது. இப்போதெல்லாம் வாங்கும் முன் கவிழ்த்துப் பார்க்கிறேன். அடிச்சட்டம் நேராக இருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று. சோதனைக்கு ஒரு முழத் தண்டவாளம் கூட வைக்காத ஸ்டாலில் இஞ்சின் வாங்குவதில்லை.

லூப்லைன்:

நல்ல தகவல், ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள்.

ஒன்பதுமில்லி:

நான் 'N' ஸ்கேல்காரன். 1:160, தண்டவாள அகலம் ஒன்பது மில்லிமீட்டர். எங்கள் குழு டி-டிராக் மாட்யூல் போடுகிறது. ஆளுக்கு ஒரு பலகை செய்து கொண்டுவருவோம், மேஜை மேல் வரிசையாக வைத்து காட்டோ கம்பெனித் தண்டவாளத்தை டக் டக்கென்று கோத்துவிடுவோம். எப்போதும் இரட்டைப் பாதை, எப்போதும் வண்டி ஓடும். அதனால் நான் லூப்லைன் கட்சிதான். ஆனால் "எந்த நேரமும் ஓடணும்" என்ற சட்டம் உள்ளே நிற்கிறவனை என்ன செய்கிறது என்பதையும் கேளுங்கள்.

ஒரு காட்சியில் எங்கள் 40 வேகன் கூட்ஸ் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் உள்ளே நின்று இஞ்சினுக்குள் உத்தரவை வாங்குகிற டீகோடர் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். வண்டியை யாரும் பார்க்கவில்லை, ஓடுவதுதான் வழக்கமாயிற்றே. ஒரு சிறுமி என் சட்டையை இழுத்து, "அங்கிள், கடைசிப் பெட்டி உழுதுக்கிட்டே போகுது" என்றாள். போய்ப் பார்த்தால் கடைசி வேகன் தடம் புரண்டு ஜல்லியைப் பெயர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. நண்பன் ஒருவன் மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய ஜல்லி. அவன் மாட்யூலில் நட்ட நடுவே ஒரு வாய்க்கால்.

இந்த முதுகைக் காட்டுகிற வியாதி ஓடுகிற லேஅவுட்டில்தான் அதிகம். ஷண்டிங் செய்கிறவன் வண்டியையாவது பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அம்மா சொன்ன உயரம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, சாதாரண மேஜைதானே. அதற்கு வேறு விலை கொடுக்கிறோம்: தொட்டுப் பார்க்க நீளும் விரல்கள்.

கூட்ஸ்கார்டு:

ஒன்பதுமில்லி பாதிக் கதையைச் சொல்லிவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். வெளியே நின்று 12 நிமிடம் எண்ணியவர் உள்ளே நின்று எட்டு மணி நேரம் எண்ணவில்லை.

காலையில் அரங்கு சில்லென்று இருக்கும். மதியம் விளக்குச் சூடும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து பலகை அசையும். இரண்டு பலகை சேருமிடத்தில் தண்டவாளம் அரை மில்லி விலகினால் போதும், நிற்காத இஞ்சினும் அங்கே நிற்கும். தூசி வேறு. இத்தனை ஜோடிக் கால் கிளப்புகிற தூசி தண்டவாளத்தில் படிந்து, சக்கரம் ஏறி ஏறி, கறுப்புப் பாசி மாதிரி ஒரு படலமாகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து நெடுகத் துடைப்பேன். வெள்ளைத் துணி கரித்துணியாக வரும். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை.

ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்பது எளிது. நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு குட்டி இஞ்சின் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் போகிறது. விரல் நீளப் பல்சக்கரப் பெட்டி அதைத் தாங்க வேண்டும். சுற்றுக் கட்சிக்காரர்கள் ஐந்தாறு இஞ்சின் கொண்டுவந்து மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்று. கையால் கட்டியது.

பேசுவதைப் பற்றி. சரி, குற்றம் என்னுடையதும்தான். ஷண்டிங் நடுவே பேச்சுக் கொடுத்தால் கணக்கு தப்பும் என்று பயந்து தலையைக் குனிந்துகொள்கிறேன். அம்மா சொன்னவர் தப்பையே விளையாட்டாக்கிவிட்டார். அது எனக்குத் தோன்றவில்லை.

லூப்லைன்:

உங்கள் கஷ்டம் புரிகிறது. இருந்தாலும் பார்க்கிறவனுக்கு அது ஏன் தெரிய வேண்டும்? நாடகம் பார்க்கப் போனவனிடம் திரைக்குப் பின்னால் சட்டை கிழிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்பதுமில்லி:

எங்கள் திரை ஒருமுறை எல்லோர் முன்னாலும் விழுந்தது. டிசிசி என்ற டிஜிட்டல் கன்ட்ரோல் முறையில் தண்டவாளத்தில் முழு மின்சாரமும் எப்போதும் இருக்கும், ஒவ்வொரு இஞ்சினும் தன் நம்பருக்கு வந்த உத்தரவை மட்டும் எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் ஒரு இஞ்சின் தடம் மாற்றும் பாயின்ட் தனக்கு எதிராகத் திரும்பியிருந்தபோது அதில் ஏறி ஷார்ட் ஆனது, ஒட்டுமொத்த லேஅவுட்டும் செத்தது. எது ஷார்ட் என்று கண்டுபிடிக்க 20 நிமிடம். வேடிக்கை என்னவென்றால், வண்டி ஓடும்போது இருந்ததை விட அப்போதுதான் கூட்டம் அதிகம். ஒரு தாத்தா டார்ச் அடித்தே கொடுத்தார். இப்போது பகுதி பகுதியாகப் பிரித்து, ஷார்ட் ஆன பகுதியை மட்டும் நிறுத்துகிற பிரேக்கர் போட்டுவிட்டோம். அவ்வளவு கூட்டம் அதற்கப்புறம் வரவில்லை.

லூப்லைன்:

அதை எனக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவருகிறீர்கள் என்று தெரிகிறது. ஏற்க மாட்டேன்.

கூட்ஸ்கார்டு:

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். அடுத்த காட்சியில் சீட்டுகளைப் பார்வையாளர் பக்கம் திருப்பி ஒரு ஸ்டாண்டில் வைக்கிறேன். எந்த வேகன் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், நான் தப்புச் செய்தால் அதுவும் தெரியும். ஆனால் சுற்றுப்பாதை போட மாட்டேன். என் ஸ்டேஷன் கிளைப்பாதையின் கடைசி. அதற்கப்பால் தண்டவாளம் போனால் அது வேறு ஊர்.

பதிலுக்கு நீங்கள் ஒரு மணி நேரம் உள்ளே வந்து கன்ட்ரோலரைப் பிடியுங்கள்.

லூப்லைன்:

வருகிறேன். ஆனால் என் ஒரு மணி நேரத்தில் இஞ்சின் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கூட்ஸ்கார்டு:

முதல் சீட்டிலேயே நிற்கும்.

இஞ்சின்பையன் அம்மா:

நாங்களும் வருகிறோம். முன்னால் ஒரு ஸ்டூல் போடுவீர்களா?

கூட்ஸ்கார்டு:

ஸ்டூல் இருக்கிறதம்மா. இத்தனை நாள் அதன் மேல் டூல்பாக்ஸை வைத்திருந்தேன்.