பழவேற்காடு ஏரியில் படகுச் சவாரி: திறக்கலாமா, வேண்டாமா?

துடுப்பு:
2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு இங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை. ஆனாலும் கள்ளச் சவாரி ஓடத்தான் செய்கிறது. அதில் லைஃப் ஜாக்கெட்டும் கிடையாது, ஆள் கணக்கும் கிடையாது. முறையாக அனுமதித்துக் கண்காணித்தால் என்ன?

உப்பங்கழி:
ஜாக்கெட் போட்டால் தீர்ந்துவிடுமா நண்பரே? வில்லங்கம் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில். ஓதம் வற்றும்போது, அதாவது கடல் மட்டம் இறங்கும்போது, ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாயும். எதிரே கடலலை உள்ளே வரும். இரண்டும் மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும். மீன்பிடி ஃபைபர் படகு நாலைந்து ஆளுக்கும் வலைக்கும் செய்தது. அதில் இருபது பேரை ஏற்றினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளியே இருக்காது. ஒருவர் போட்டோ எடுக்க எழுந்தால் இன்னும் நாலு பேர் எழுவார்கள், பாரம் ஒரு பக்கம் சாயும். அந்த நேரம் பார்த்து இன்ஜின் விசிறியில் வலைத்துண்டு சுற்றிக்கொண்டால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் அடிக்கும். அவ்வளவுதான்.

துடுப்பு:
சரி, முகத்துவாரமே வேண்டாம். உள் ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். கழி ஊன்றித் தள்ளும் படகு, ஆறு பேருக்கு மேல் இல்லை, கடற்காற்று எழும் முன் கரை சேர வேண்டும். குழந்தைகளுக்குத் தனி அளவு ஜாக்கெட், கால் இடுக்கில் வாரோடு. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும். படகு இந்த ஏரிக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீஹரிகோட்டா விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில்தான் சென்னைக்குப் போனது.

உப்பங்கழி:
விறகுக்கு மிரளத் தெரியாது. எழுந்து நின்று செல்ஃபியும் எடுக்காது.

அலையாத்தி:
1 மீட்டர் ஆழம் என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. அடியில் சேறு, நிற்கப் பார்த்தால் கால் புதையும். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த இடம் யாருடையது? எந்த ஊர் எந்த முறைக்கு எங்கே வலை கட்டலாம் என்பதை மீனவ ஊர்கள் 'பாடு' போட்டுப் பிரித்திருக்கின்றன. வலை கட்டக் கழிகள் நட்ட வரிசைக்குள் உங்கள் படகு நுழைந்தால் வலை போச்சு, அன்றைய வருமானமும் போச்சு. இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அவர்கள் தலைக்கு நேரே சுற்றுலாப் படகா?

நாரைநோக்கி:
பூநாரைகளை (ஃபிளமிங்கோ) யாரும் பேசவில்லையே. அவை அலகைத் தலைகீழாக நீரில் வைத்துப் பாசியையும் சின்னஞ்சிறு நீர்வாழ் உயிரினங்களையும் வடிகட்டித் தின்பவை. நெருங்கினால் உடனே பறக்காது. முதலில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும், பிறகு கூட்டமாக விலகி நடக்கும். தலை நிமிர்ந்த அந்த நொடியே நீங்கள் நிற்க வேண்டிய இடம். அதையும் தாண்டினால் தண்ணீரில் பல அடி ஓடித்தான் அவற்றால் மேலே எழும்ப முடியும். ஒரு காலையில் நாலு முறை இப்படி எழுப்பினால் மேய்ச்சலே கெட்டது. தொலைநோக்கி இருந்தால் அண்ணாமலைச்சேரிக் கரையிலிருந்தே பார்க்கலாம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையிலும் பார்க்கலாம், ஆனால் அந்தச் சாலையே ஏரியின் நீரோட்டத்தைத் தடுப்பது வேறு கதை.

கல்லெழுத்து:
படகு இல்லையென்றால் பார்க்க ஒன்றுமில்லாத ஊரா இது? 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். துணி ஏற்றுமதி, வெடிமருந்துத் தயாரிப்பு, அடிமை வியாபாரம் எல்லாம் நடந்த துறைமுகம். 1690 வாக்கில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டை இருந்த இடம் இப்போது புதர்தான். நேரத்தை அங்கே வீணாக்காமல் டச்சுக் கல்லறைக்குப் போங்கள். வாசல் தூண்களில் எலும்புக்கூட்டுச் சிற்பம். உள்ளே கற்களில் குலச்சின்னங்களும் எழுத்தும் ஆழமாக வெட்டியவை. உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும், சாய்வெயிலில்தான் படிக்க வரும். திரும்பும்போது ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடை ஒன்று வாங்குங்கள்.

துடுப்பு:
கல்லறையை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தவர் நேரே கரைக்குத்தானே வருவார்? வழித்தடத்தை மீனவ ஊர்க் கூட்டமே முடிவு செய்யட்டும், கட்டணமும் அவர்களுக்கே.

அலையாத்தி:
ஊர்க் கூட்டம் சம்மதித்தால் எனக்கு மறுப்பில்லை. பாடு இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

நாரைநோக்கி:
அக்டோபர் முதல் மார்ச் வரை கூடவே கூடாது. அப்போதுதான் பறவை வரத்து.

துடுப்பு:
மிச்சம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். அந்த வெயிலில் யார் ஐயா வருவார்கள்?

உப்பங்கழி:
அப்படியென்றால் இந்தச் சவாரி எதற்கு என்றுதான் முதலிலிருந்தே கேட்கிறேன்.