கனடாவோட கிரீஸ் ஃபியோர்டுக்கு வேலைக்குப் போறவங்க கவனிக்க வேண்டியது: சிலரோட அனுபவப் பகிர்வு

வடக்குமுனை:
எல்ஸ்மியர் தீவோட தென்கரையில, வட அட்சரேகை 76 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற, இனுயிட்ங்கிற ஆர்க்டிக் பழங்குடிகளோட ஊர். 2021 கணக்கெடுப்புல 144 பேர். கனடாவுல பொதுமக்கள் குடியிருக்கிற ஊர்கள்ல இதுக்கு வடக்கே வேற கிடையாது. போற வழி: ஒட்டாவா, இக்காலுயிட், ரெசொல்யூட், அங்கிருந்து ட்வின் ஆட்டர்ங்கிற சின்ன விமானம். ஓடுபாதை சரளைக்கல்தான், நீளம் 500 மீட்டரை ஒட்டி, பக்கத்துலயே மலை. மூடுபனியோ காத்தோ இருந்தா விமானம் ரெசொல்யூட்டை விட்டுக் கிளம்பாது. அங்கே சில ராத்திரி தங்குற செலவைத் தனியா எடுத்து வைங்க. மருந்து, மூக்குக்கண்ணாடி, ஒரு செட் கனத்த உடுப்பு, மூணும் கைப்பையில இருக்கட்டும். எடை கூடினா சின்ன விமானத்துல முதல்ல பின்தங்குறது உங்க பெட்டிதான்.

சரக்குக்காரர்:
கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைக் கடைசியில கடல் திறக்கிறப்போ வரும். துறைமேடை இல்லை. கப்பல் தள்ளி நிக்கும், படகுமிதவையில ஏத்திக் கரையில இறக்குவாங்க. கூலிக்கு 1,000 கிலோ அல்லது 2.5 கன மீட்டர் ஒரு அலகு; எடைக் கணக்கு, இடக் கணக்கு ரெண்டுல எது கூட வருதோ அதுக்குக் கூலி. மாவு, அரிசி மாதிரி கனமான சாமானுக்கு எடை பேசும். டிஷ்யூ, சிப்ஸுக்கு இடம் பேசும். ரெண்டையும் ஒரே மரப்பெட்டியில கலந்து அடைச்சா காசு மிச்சம்.

பெட்டி நனையும்னே நினைச்சுக் கட்டுங்க. உள்ளே கனத்த பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். பெயின்ட், பேட்டரி, கண்ணாடிப் பாட்டில்ல இருக்கிற திரவம் எல்லாம் வந்த அன்னைக்கே சூடான அறைக்குள்ள போகணும். வெளியில விட்டா உறைஞ்சு வெடிச்சிடும். ஒரு சாமான் மறந்துபோச்சுன்னா அடுத்த வருஷம், இல்லேன்னா விமானக் கூலி. கூட்டுறவுக் கடையில பால், காய் கிடைக்கும். விலையைப் பார்த்துட்டு மூச்சு வாங்காதீங்க.

தண்ணிவண்டி:
குழாய் இணைப்பு இல்லாத ஊர். கோடையில சில வாரம் பனியாறு உருகி ஓடுற தண்ணியைப் பெரிய தொட்டிகள்ல பிடிச்சு வச்சுக்கிட்டு வருஷம் பூரா ஓட்டணும். வண்டி வீட்டுக்கு வந்து உள்தொட்டியை நிரப்பும். கழிவுநீருக்கு வேற தொட்டி, வேற வண்டி. புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் இதுதான்: கழிவுத்தொட்டி நிறைஞ்சா தண்ணி மோட்டார் தானா நின்னுடும். குழாய்ல தண்ணி வரலைன்னு மோட்டாரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கழிவுத்தொட்டியைப் பாருங்க. புயல் அடிச்சா ரெண்டு வண்டியும் வராது, வாளியில கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கணும்.

டீக்கு உள்ளூர்க்காரங்க கடல்ல மிதந்து வர்ற பனிமலையோட துண்டை வெட்டி எடுத்து வந்து உருக்குவாங்க. அது நல்ல தண்ணி. புதுசா உறைஞ்ச கடல்பனி உப்பு, அதை எடுக்காதீங்க.

வடக்குமுனை:
ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். இந்த ஊர் தானா உண்டானது இல்லை. 1953-ல கியூபெக்கின் இனுக்யுவாக்கிலிருந்து குடும்பங்களை அரசாங்கம் கப்பலேத்தி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து விட்டுது. அவங்களுக்கு இங்கே பழகிக்க உதவட்டும்னு பாஃபின் தீவோட வடக்கே இருக்கிற பாண்ட் இன்லெட் ஊர்க் குடும்பங்களையும் கூடக் கொண்டுவந்தாங்க. ரெண்டு வருஷத்துல திரும்பலாம்னு சொன்ன வாக்கு காப்பாத்தப்படலை. கியூபெக்கிலிருந்து வந்தவங்களுக்கு மாதக்கணக்கான இருட்டே புதுசு; கஸ்தூரி எருதை வேட்டையாடவும் சட்டத்துல தடை. 1996-ல அரசாங்கம் ஒரு கோடி டாலர் நிதி ஒதுக்குச்சு, 2010-ல மன்னிப்புக் கேட்டுச்சு. கரையில நிக்கிற தாய்-பிள்ளை கற்சிலை லூட்டி பிஜாமினி செதுக்கினது. அங்கே போய் செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். "இவ்வளவு குளிர்ல ஏன் இங்கே வந்தீங்க?"ன்னு வயசானவங்ககிட்ட கேட்கவே கூடாது.

ஆணியடிக்காதவன்:
ஸ்னோமொபைலுக்குப் பின்னால கட்டி இழுக்கிற கமுத்திக் சறுக்குவண்டியை எப்படிக் கட்டுறதுன்னு கேட்டிருந்தாங்க. நீளவாட்டுல ரெண்டு சறுக்குப்பலகை, மேலே வரிசையா குறுக்குச் சட்டங்கள். சட்டத்தோட ரெண்டு முனையிலயும் வெட்டு இருக்கும், பலகையில துளை இருக்கும். கயிறு துளைக்குள்ள போய் வெட்டைச் சுத்தி வந்து இறுகும். ஆணி கிடையாது, பசை கிடையாது. கரடுமுரடான கடல்பனியில ரெண்டு பலகையும் தனித்தனியா ஏறி இறங்கணும். ஆணி அடிச்சா அந்த அசைவு முழுக்க ஆணியில விழும்; கடுங்குளிர்ல ஆணி முறியும், இல்லேன்னா மரம் பிளக்கும்.

துளையைப் பலகை விளிம்புக்கு ரொம்பக் கிட்டே போட்டா இழுக்கிற இழுப்புல கிழிஞ்சிடும். நைலான் கயிறு நீளும், அதனால முதல் ஓட்டத்துக்கு அப்புறம் எல்லாக் கயிற்றுக் கட்டுகளையும் மறுபடி இறுக்கணும். விட்டா வண்டி சாய்சதுரமா கோணிக்கும், ஒரு பக்கமாவே இழுத்துட்டுப் போகும். அடியில பிளாஸ்டிக் பட்டை வச்சுத் திருகுறப்போ திருகோட தலை உள்ளே அமுங்கியிருக்கணும். துருத்தினா பனியைக் கீறிக்கிட்டே வரும், ஸ்னோமொபைல் பெட்ரோலைக் குடிக்கும்.

குட்டை வண்டி கட்டிக்கலாமேன்னு நினைக்காதீங்க. வசந்தத்துல கடல்பனி விரிசல் விடும். நீள வண்டி விரிசல்மேல பாலமா கடந்துடும், குட்டை வண்டி மூக்கைக் குத்திக்கும். விரிசல் எந்த நிலமுனைப் பக்கத்துல வழக்கமா திறக்கும்னு வேட்டைக்காரங்களுக்குத் தெரியும், கிளம்புற அன்னைக்குக் காலையில போகலாமான்னு கேட்டுட்டுப் போங்க. கேட்டதுக்குப் பதில் வரலையேன்னு நிக்காதீங்க: புருவத்தைத் தூக்கினா ஆமா, மூக்கைச் சுருக்கினா இல்லை. மூக்கைச் சுருக்கினாங்கன்னா வண்டியை அவிழ்த்து வைங்க.