பொருள்: ‘செயிலிங்’ (பாய் விரித்துப் படகோட்டுவது), ‘டேக்கிங்’ (காற்றை எதிர்த்துப் போகப் படகைத் திருப்புவது) – தமிழில் என்ன போடுவது? (மலையக ஆசிரியர்கள், ஊர்ப்பெயரில்; திங்கள் அச்சுக்கு)

ஹட்டன்: விசைக்கூறுகள் பாடத்தின் பயிற்சித்தாள். காற்று வரும் பக்கத்துக்கே படகு ஏறுகிற படம். அகராதி ‘கப்பற்பயணம்’ என்கிறது; அதில் பாயே இல்லை.

மாத்தளை: மதுரைக்காஞ்சியில் ‘நெடுங்கொடிமிசை இதையெடுத்து’ என்று வருகிறதே! இதை என்றால் பாய்தான். ‘இதையோட்டம்’ என்று போடுங்கள். புறம் 66-இல் ‘வளிதொழில் ஆண்ட’ என்பதால் ‘வளியாள்கை’யும் பொருந்தும்.

பண்டாரவளை: ‘இதையோட்டத்தை விளக்குக’ என்றால் பிள்ளைகள் ‘எதை, டீச்சர்?’ என்பார்கள். பாயோட்டம் போதும். அதைவிட, படத்தில் நடுப்பலகையைக் காணோமே. பாயில் பிறக்கும் விசை ஏறக்குறைய பாய்க்குச் செங்குத்து. அதன் பெரும்பங்கு படகைப் பக்கமாகத்தான் தள்ளும். நீருக்குள் நிற்கும் பலகை அதைத் தடுப்பதால் முன்னோக்கிய கூறு மிஞ்சுகிறது. பலகையைத் தூக்கினால் படகு நண்டு மாதிரி ஒதுங்கும்.

மாத்தளை: பாய் என்றால் படுக்கிற பாயும்தானே?

பண்டாரவளை: அந்தக் காலத்தில் ஓலைப்பாயையும் கட்டினார்கள் ஐயா. குழப்பமில்லை.

நுவரெலியா: தலைமன்னார்–தனுஷ்கோடி நீராவிக் கப்பல் 1914-இல் தொடங்கியது. பாய் இல்லாத அதற்கும் இங்கிலீஷில் ‘செயிலிங்’தான். அந்த இடத்தில் ‘புறப்பாடு’ என்று போடாமல் பாயோட்டம் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

ஹட்டன்: சரி. ‘டேக்கிங்’? ‘திசைமாற்றம்’ ஆகுமா?

பண்டாரவளை: ஆகாது. பெரும்பாலான படகுகள் காற்றுக்கு 45 பாகைக்குள் நெருங்கினால் பாய் படபடத்து ஓட்டம் செத்துவிடும். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து போய், அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்குக் குறுக்கே திருப்பி, மறுபக்கம் சாய வேண்டும். வேகம் போதாமல் திருப்பினால் நடுவில் மாட்டிக்கொள்ளும். படகின் பின்முனை காற்றைக் கடக்கும்படி திருப்புவது வேறு வேலை. பாயின் கீழ்த்தடி சடாரென்று மறுபக்கம் பாய்ந்து தலையில் அடிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஆபத்து. ‘அணியமாற்று’, ‘பின்மாற்று’.

நுவரெலியா: மலையில் எந்தப் பிள்ளைக்கு அணியம் தெரியும்? ‘முன்மாற்று’ என்றே சொல்லலாம்.

பண்டாரவளை: கரையோரத்தில் இன்றும் புழங்குகிற சொல். தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.

ஹட்டன்: பாயோட்டம், முன்மாற்று, பின்மாற்று. படத்தில் ‘அணியம்’ என்று அம்புக்குறி போடுகிறேன், நடுப்பலகையும் வரைகிறேன். அச்சகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும்.

மாத்தளை: அடைப்புக்குறிக்குள்ளாவது ‘இதை’யைப் போடுங்கள்.